தங்கைக்கு ஒன்று, அண்ணனுக்கு இரண்டு

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. மீதி நாளில் நானும் கூலிக்கு இலை பறிக்கப் போவேன். 2021 மே மாதம் மாமியார், கணவர், நான் என்று மூன்று பேருக்கும் கொரோனா பாசிட்டிவ். அப்போது மகனுக்கு 14 வயது, மகளுக்கு 6. பிள்ளைகளுக்குக் காய்ச்சல்கூடச் சரியாக வரவில்லை, அதனால் டெஸ்ட் எடுக்கவில்லை. பிறகு மகனுக்குப் பள்ளியில் கோவாக்சின் இரண்டு ஊசி போட்டார்கள். மகளுக்கு வயது போதாததால் எதுவும் போடவில்லை. இப்போது அவளுக்கு 10 வயது. ஒரு வருஷமாக சீக்கிரம் களைத்துவிடுகிறாள். பள்ளிக்கூடம் விட்டு மேடு ஏறி வரும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வருகிறாள். ‘இது கொரோனாவோட பின்விளைவு, டெஸ்ட் எடுத்துப் பாருங்க’ என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு லேபில் இரண்டு பேருக்கும் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தோம். மகனுக்கு ஸ்பைக், நியூக்ளியோகேப்சிட் இரண்டுமே ‘ரியாக்டிவ்’, அதாவது பாசிட்டிவ். மகளுக்கு ஸ்பைக் ‘ரியாக்டிவ்’, 800 சொச்சம். நியூக்ளியோகேப்சிட் ‘நான்-ரியாக்டிவ்’, 0.3. ‘உங்க பொண்ணுக்கு கொரோனா வரவே இல்ல, பையனுக்குத்தான் வந்திருக்கு’ என்று லேபில் சொல்கிறார்கள். அப்படியானால் இவளுக்கு ஏன் இந்தக் களைப்பு? 800 என்பது அதிகமா? மறுபடியும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

— ஒரு தாய், கோத்தகிரி வட்டம்

பதில்: அம்மா, இரண்டு ரிப்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. லேபில் உங்களுக்குச் சொன்னது ஏறக்குறைய தலைகீழ். மகளுக்கு கொரோனா வந்து போயிருக்கிறது. மகனுக்கும் வந்திருக்கலாம், ஆனால் அதை அவனுடைய ரிப்போர்ட்டை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் தோட்டத்தில் ராத்திரி காட்டெருமை புகுந்துபோனால் காலையில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஈர மண்ணில் குளம்புத் தடம் இருக்கும், சாணி கிடக்கும், ஒன்றிரண்டு செடி முறிந்திருக்கும். தடம் இருந்தால் வந்தது நிச்சயம். ஆனால் நாலு நாள் மழை அடித்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு, ‘தடத்தைக் காணோம், அதனால் வரவே இல்லை’ என்று ஒருவர் சொன்னால் சிரிப்பீர்கள் இல்லையா?

ஆன்டிபாடி என்பது அப்படி ஒரு தடம்தான். தமிழில் எதிர்ப்பொருள் என்பார்கள். வைரஸ் உள்ளே வந்தபோது நம் உடம்பு அதைப் பிடித்துவைக்கச் செய்த புரதம், வைரஸ் போன பிறகும் ரத்தத்தில் கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டிருக்கும். கொரோனா வைரஸுக்கு வெளியே முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது ஸ்பைக் புரதம். உள்ளே மரபுப்பொருளைச் சுற்றிப் பொதிந்திருப்பது நியூக்ளியோகேப்சிட். வாயில் நுழைகிற பெயராக இல்லை, உள்புரதம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வைரஸே நேராக உடம்புக்குள் வந்தால் இரண்டுக்கும் எதிராக ஆன்டிபாடி உருவாகும். தடுப்பூசியில் அப்படி இல்லை. கோவிஷீல்டு ஸ்பைக்கை மட்டும்தான் உடம்புக்குக் காட்டுகிறது. 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 2022 மார்ச்சில் போட ஆரம்பித்த கோர்பிவேக்ஸில் இருப்பது அந்த ஸ்பைக்கில் ஒரு துண்டு. கோவாக்சின் மட்டும் வேறு ஜாதி. அது வைரஸைச் செயலிழக்க வைத்து முழுசாகக் கொடுப்பது. நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தயாரித்து வந்த வெறிநாய்க்கடி ஊசியும் இந்த வகைதான், இந்த மலைக்காரர்களுக்குப் புதுசில்லை.

இப்போது உங்கள் மகனைப் பாருங்கள். 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 2022 ஜனவரி 3-ஆம் தேதி ஊசி தொடங்கியபோது போட்டது கோவாக்சின். முழு வைரஸையும் பார்த்த உடம்பு ஸ்பைக், உள்புரதம் இரண்டுக்குமே ஆன்டிபாடி செய்யும். ஆக, அவன் ரிப்போர்ட்டில் இரண்டும் ரியாக்டிவ் என்பது ஊசியாலும் இருக்கலாம், தொற்றாலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஊசி போட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் நடுவில் ஒரு தடவையாவது வைரஸ் வந்து போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது என் ஊகம்.

மகளுக்கு ஊசியே போடவில்லை. அப்புறம் ஸ்பைக் ஆன்டிபாடி எங்கிருந்து வரும்? வைரஸ் வந்திருந்தால்தான் வரும். உங்கள் லேப் 0.8-க்கு மேல் இருந்தால் ரியாக்டிவ் என்று அச்சிட்டிருக்கிறது. அவளுக்கு 800. ஏதோ மெஷின் தவறிக் காட்டிய ஓரத்து எண் அல்ல இது. உள்புரத ஆன்டிபாடி ஏன் இல்லை என்றால், அது மழையில் கரைகிற தடம். ஸ்பைக் ஆன்டிபாடியைவிடச் சீக்கிரமாக அளவு குறைந்து, டெஸ்ட் பிடிக்கிற கோட்டுக்குக் கீழே போய்விடுவதுண்டு. குழந்தைகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் லேசான தொற்று வந்த குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு தரப்பிலும் மூக்கில் இருந்த வைரஸ் அளவு ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் பெரியவர்களில் 76 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி உருவாகியிருக்க, குழந்தைகளில் 37 சதவீதம் பேருக்குத்தான் உருவாகியிருந்தது. வைரஸை வாசலிலேயே விரட்டிவிடுகிற வேகம் சின்னப் பிள்ளைகளுக்கு உண்டு. ரத்தம் வரை சண்டை போகாததால் தடமும் பதிவதில்லை போலிருக்கிறது. ஆகவே குழந்தை விஷயத்தில் ‘ரியாக்டிவ்’ என்றால் நம்பலாம், ‘நான்-ரியாக்டிவ்’ என்றால் ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. லேப் கவுன்ட்டரில் இருக்கிற பையனுக்கு இது தெரியாதது குற்றம் இல்லை. தெரியாமல் விளக்கம் சொல்ல விட்டதுதான் குற்றம்.

எப்போது வந்தது என்று கேட்டால், அதை இந்த டெஸ்ட் சொல்லாது. 2021 மே மாதத்தில் நீங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருமிக்கொண்டிருந்தபோது வந்திருக்கலாம். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் பரவியபோது வந்திருக்கலாம். பிறகு எப்போதாவது ‘சளிக் காய்ச்சல்’ என்று இரண்டு நாள் லீவு போட்டிருந்தால், அதுவாகவும் இருக்கலாம். ஒரு தடவை மட்டும்தான் வந்தது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

800 அதிகமா என்றால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு கம்பெனி கிட்டுக்கும் ஒரு அளவுகோல். இதற்கு மேல் இருந்தால் கொரோனா வராது என்று ஒரு கோடு கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 1,500 என்றால் அது உங்கள் பெண்ணைவிட இரண்டு மடங்கு பலசாலி என்றும் அர்த்தம் இல்லை.

பின்னே இந்த டெஸ்ட்டை எதற்குக் கண்டுபிடித்தார்கள்? ஊரைக் கணக்கெடுக்க. ஒரு வட்டாரத்தில் எத்தனை பேருக்கு, அவர்களுக்கே தெரியாமல் வந்து போயிருக்கிறது என்று பார்க்க. 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுக்கப் பெரியவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மாநிலத்தில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. பெரம்பலூரில் 51. நம் நீலகிரியில் 11, மாவட்டங்களிலேயே குறைவு. இ-பாஸ் கெடுபிடியும் செக்போஸ்ட்டும் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதும் அப்போது கொஞ்சம் காப்பாற்றின என்பது என் கணிப்பு. அடுத்த வருஷம் அந்தக் கணக்கெல்லாம் மாறிவிட்டது.

குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தது 2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பின் நாலாவது சுற்று. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அந்தச் சமயம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்பு திறந்ததே 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். அப்படியானால் வைரஸ் எங்கிருந்து வந்தது? வேலைக்கும் கடைக்கும் போய்வந்த நம்மிடமிருந்து. பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு வந்து போயிருந்தது, பெரும்பாலான வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான். டெஸ்ட் எடுக்காமல் விட்டோமே என்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் இதே வேலையை இன்னும் சுலபமாகச் செய்தார்கள். வேறு ஏதோ காரணத்துக்காக லேபுக்கு வந்த பிள்ளைகளின் மிச்ச ரத்தத்தில் உள்புரத ஆன்டிபாடியை மட்டும் தேடினார்கள். அங்கே போட்ட ஊசிகள் ஸ்பைக்கை மட்டும் காட்டுபவை, அதனால் உள்புரத ஆன்டிபாடி இருந்தால் அது தொற்றால்தான் என்று பிரித்துவிடலாம். 2021 டிசம்பரில் 11 வயது வரையுள்ள குழந்தைகளில் 44 சதவீதம். இரண்டே மாதத்தில், 2022 பிப்ரவரியில், 75 சதவீதம். ஒமிக்ரான் அப்படிப் பாய்ந்திருக்கிறது. உள்புரதம் இருந்தால் தொற்று, இல்லாவிட்டால் தொற்று இல்லை என்ற உங்கள் லேப்காரரின் சூத்திரம் அந்த ஊர்க் கணக்கெடுப்பிலிருந்து பிறந்ததுதான் என்று நினைக்கிறேன். கோவாக்சின் போட்ட பையனுக்கும், வருஷங்கள் கழித்து ரத்தம் கொடுத்த பெண்ணுக்கும் அதை அப்படியே பொருத்தினால் இப்படித்தான் தலைகீழாகும். இன்றைக்கு ஊரில் எந்தப் பிள்ளையைப் பிடித்துப் பார்த்தாலும் அநேகமாக ஏதோ ஒரு ஆன்டிபாடி இருக்கும். ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிற ஒன்றை வைத்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் இருக்கிற களைப்புக்குக் காரணம் சொல்ல முடியுமா?

தனிக் குழந்தைக்கு இந்த டெஸ்ட் உதவிய சமயம் ஒன்று இருந்தது. 2021 ஜூன், ஜூலையில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள், எட்டு வயது. நாலு நாளாகக் காய்ச்சல், வாந்தி, தொடவிடாத வயிற்றுவலி. குடல்வால் என்று நினைத்து ஆபரேஷனுக்கு அனுப்புகிற அளவுக்கு வந்துவிட்டது. கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்திருந்தது, உடம்பில் மெல்லிய தடிப்பு. கொரோனா பி.சி.ஆர். நெகட்டிவ். அப்பாவுக்கு ஒரு மாதம் முன்னால் காய்ச்சல் வந்ததாகப் பையனின் பாட்டி போகிற போக்கில் சொன்னார். ஆன்டிபாடி பார்த்தோம், இருந்தது. கொரோனா வந்து போன இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு இதயம், குடல், தோல் என்று பல உறுப்புகளில் அழற்சி கிளம்பும். எம்.ஐ.எஸ்.-சி என்று பெயர். அன்றைக்கே ஆம்புலன்ஸில் மலை இறக்கினோம். பையன் பிழைத்தான், இப்போது என்னைவிட உயரம். அந்த நாளில் அந்த ஒரு ரிப்போர்ட் ஒரு தேவையில்லாத ஆபரேஷனைத் தடுத்தது. ஆனால் அது காய்ச்சலோடு படுத்திருக்கிற பிள்ளைக்கு, ஒரு குறிப்பிட்ட சந்தேகத்தோடு எடுத்த டெஸ்ட்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், பிறந்து பல மாதம் ரத்தத்தில் இருக்கும். ஐந்து மாதக் குழந்தைக்கு ஆன்டிபாடி இருந்தால் அது அம்மாவுடையதாக இருக்கலாம். பதறாதீர்கள்.

சரி, மகளின் களைப்புக்கு வருவோம். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது 800-ம் இல்லை, 0.3-ம் இல்லை. மேடு ஏறும்போது இரண்டு இடத்தில் உட்காருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். மலையில் பிறந்து வளர்ந்த பத்து வயதுப் பிள்ளை மேட்டில் உட்காராது, நம்மை முந்திக்கொண்டு ஓடும்.

கொரோனாவுக்குப் பிறகு நீடிக்கும் தொந்தரவு குழந்தைகளுக்கும் வருவதுண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்திருக்கிற இலக்கணப்படி, தொற்று வந்து மூன்று மாதத்துக்குள் தொடங்கி, குறைந்தது இரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும். 2021-இல் வந்த கொரோனா மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டுப் போன வருஷம் களைப்பாகக் கிளம்பாது. தெரியாமல் பிறகு ஒரு தடவை வந்திருந்தால்? அப்போதும் மற்ற காரணங்களைப் பார்த்து முடித்த பிறகு கடைசியாக யோசிக்க வேண்டியது அது.

முதலில் ரத்த சோகை. அவளுடைய கீழ் இமையை இறக்கி உள்பக்கம் பாருங்கள், உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். வெளுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபினும் முழு ரத்த அணு எண்ணிக்கையும் பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம், காசு இல்லை. அவள் வயதுக்கு ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் ரத்த சோகை என்பது சமவெளிக் கணக்கு. உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு ஆக்சிஜன் குறைவான காற்றைச் சமாளிக்க ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதனால் அந்தக் கோட்டையும் மேலே ஏற்றிப் படிக்க வேண்டும். கோயம்புத்தூர் ரிப்போர்ட்டில் 11.6 என்று வந்து ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தால், கோத்தகிரிப் பிள்ளைக்கு அது நார்மல் இல்லை. இதைப் பார்க்கிற டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

இன்னொன்று, டீ விளைகிற ஊரில் சொல்ல எனக்கே சங்கடம். நம் வீடுகளில் பிள்ளைகள் காலை இட்லியோடு ஒரு டம்ளர், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு டம்ளர் என்று டீ குடிக்கிறார்கள். சாப்பாட்டோடு போகிற டீ, கீரையிலும் ராகியிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். பத்து வயதுக்கு டீயே வேண்டாம். விட முடியாது என்றால் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. பள்ளியில் வாரம் ஒரு நாள் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, வேலிக்கு அந்தப் பக்கம் எறிகிறாளா என்று மிரட்டாமல் கேட்டுப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் எறிகிறார்கள், வயிறு பிசைகிறது என்பார்கள். வெறும் வயிற்றில் போடாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் அவ்வளவாகப் பிசையாது. பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது போட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூச்சு. ராத்திரியிலும் விடிகாலையிலும் வறட்டு இருமல் உண்டா? ஓடினால், சிரித்தால், பனிக்காற்று பட்டால் இருமுகிறாளா? நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறதா? இருந்தால் வீசிங்காக இருக்கலாம். வீட்டில் விறகடுப்பா, குளிருக்கு அறைக்குள் கரி மூட்டி வைப்பீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அடைத்த அறைக்குள் கரி வைத்துக்கொண்டு தூங்குவது வீசிங் இல்லாதவருக்கும் உயிருக்கு ஆபத்து, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தது என்றால் அதற்கும் பார்க்க வேண்டும்.

ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தை நிதானமாகக் கேட்கச் சொல்லுங்கள். தொண்டை வலிக்குப் பிறகு மூட்டு வீங்கி வலித்தது என்று எப்போதாவது நடந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், வால்வு பாதிப்பு அப்படித்தான் தொடங்கும். இருதயத்தில் கூடுதல் சத்தம் கேட்டால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், தேவைப்படும். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் நம் உயரத்தில் சமவெளியைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம். 95 என்று பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடிக்க வேண்டாம். ஆனால் நடக்கும்போது மயங்கி விழுந்தாலோ, உதடு நீலமாக மாறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ அதே நாளில் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

(இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் இருந்தால், இப்படிக் களைக்கிற பிள்ளைக்கு அரிவாள் செல் ரத்த சோகைக்கான டெஸ்ட்டையும் கேட்டு எடுங்கள். நம் மாவட்டத்தில் அது இருக்கிறது. எல்லா ரத்த சோகைக்கும் இரும்பு மாத்திரை மருந்து ஆகாது.)

மறுபடியும் ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடுத்து எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி லேபிலிருந்து போன் வந்தாலும் வேண்டாம். ‘இம்யூனிட்டி பேக்கேஜ்’ என்று எனக்கே ஒருமுறை மெசேஜ் வந்தது, 20 டெஸ்ட், பண்டிகைச் சலுகை. அதில் ஹீமோகுளோபின் இல்லை.

இந்த வாரம் இலை எடை போடுகிற நாள் தவிர ஒரு நாள் பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: களைப்பு எந்த மாதம் தொடங்கியது, ஒரு வருஷத்தில் எடை ஏறியிருக்கிறதா, எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறாள், இருமல் எந்த நேரத்தில், மாதவிடாய் தொடங்கிவிட்டதா. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். அவள் மேட்டில் எந்த இடத்தில் முதலில் உட்காருகிறாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரத்த சோகைதான் என்றால், இரும்பு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் கழித்து அந்த இடத்தைத் தாண்டுகிறாளா என்று பார்க்க வேண்டும்.